கையில் இருந்த கடலை மிட்டாய்

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு வந்திருந்த ஆன்மிகப் பேச்சாளர் ஒருவர், குறைபாட்டோடு பிறப்பதும் ஏழையாகப் பிறப்பதும் போன பிறவியில் செய்த பாவத்தின் பலன் என்ற பொருள்படப் பேசியதும், பார்வைத்திறன் இல்லாத தமிழாசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே எழுந்து அவரைக் கேள்வி கேட்டதும் எல்லாருடைய கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த சில நாள்களில் பேச்சாளர் கைதானார், தலைமை ஆசிரியர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். மதிய உணவு முடிந்து டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் நான்தான் அதிகமாகக் குரலை உயர்த்திப் பேசினேன். பள்ளிக்கூடம் எவருடைய நம்பிக்கைக்கும் மேடையாகக் கூடாது, எதிர்த்துப் பேச முடியாத பிள்ளைகளின் முன்னால் நின்று தன் நம்பிக்கையை உண்மை என்று சொல்வதைவிடக் கோழைத்தனம் வேறில்லை என்றெல்லாம் சொன்னேன். இப்போது நினைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற எனக்கு விருப்பமில்லை.

மூலையில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்த சமூக அறிவியல் ஆசிரியை, சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரிங்க சார், கிரகணத்தன்னைக்கு நீங்க பண்ணினதை எதுல சேர்க்கிறது?" என்று கேட்டார். "அது அறிவியல், டீச்சர்" என்றேன். "அவர் கையில மைக் இருந்துச்சு, உங்க கையில கடலை மிட்டாய் டப்பா இருந்துச்சு. எனக்கு அவ்வளவுதான் வித்தியாசம் தெரியுது" என்றார். அவர் ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூசைக்கு ஆசிரியர் அறைப் பீரோவுக்குச் சந்தனம் வைப்பவர். நான் ஒவ்வோர் ஆண்டும் அதைப் பற்றி முணுமுணுப்பவன். எங்களுக்குள் இத்தகைய உரசல் புதிதில்லை என்பதால் மற்றவர்கள் சிரித்தார்கள். மணி அடித்தது, எழுந்து வகுப்புக்குப் போனோம். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வகுப்புக்கு வந்தது, பேருந்தில் வந்தது, இரண்டு ஆண்டுகளாக இன்னும் போகவில்லை.

அந்த வியாழக்கிழமை

2019 டிசம்பர் 26, அரையாண்டு விடுமுறை. அன்றைய வளைய சூரிய கிரகணத்தின் பாதை கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகச் சென்றது. எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் அந்தப் பாதைக்குள் இருந்ததால், ஓர் அறிவியல் ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய திருவிழா இருக்க முடியாது என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். அறிவியல் இயக்க நண்பர்களிடம் சூரியக் கண்ணாடிகள் வாங்கி, விடுமுறை என்றும் பாராமல் பிள்ளைகளை மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். எழுபது பேருக்கு மேல் வந்தார்கள். எட்டு மணி கடந்ததும் சூரியனின் ஓரத்தை யாரோ கடித்ததுபோல் ஒரு குறை தெரிந்தது. பிறகு வெயிலின் நிறம் மாறியது. மைதானத்துப் புங்க மரத்தின் நிழலில், இலை இடுக்குகள் வழியே விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் பிறையாகிவிட்டதை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் முதலில் பார்த்துக் கத்தினான். ஒன்பதரை மணிவாக்கில் வளையம் முழுதாகியபோது அந்தப் பிறைகள் எல்லாம் சின்னச் சின்ன வளையல்களாகி, தரை முழுக்கக் கொட்டிக் கிடந்தன. நான் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக நின்றதை வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அது என் வாழ்வின் ஆகச் சிறந்த பாடவேளையாக இருந்திருக்கும். ஆனால் நான் கடலை மிட்டாய் வாங்கி வைத்திருந்தேன். கிரகண நேரத்தில் உண்ணக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, வெளியே வரக்கூடாது என்று வீடுகளில் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று தெரியும். அந்த நம்பிக்கையை அந்த இடத்திலேயே உடைத்துக் காட்டுவது என் திட்டம். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் வாயில் போடுவதைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஓர் ஆசையும் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். எல்லாரும் கடித்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் மிட்டாயை உள்ளங்கையில் வைத்தபடியே நின்றாள். அவள் முரண்டு பிடிக்கவில்லை, அழவும் இல்லை. கையை இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, யாரும் கவனிக்காமல் இந்த நிமிடம் கடந்துவிடாதா என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவனித்தேன். "என்னம்மா, பாம்பு வந்து உன்னையும் முழுங்கிடும்னு பயமா?" என்றேன். எழுபது பிள்ளைகளும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள், பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். படம் எடுத்தேன். அந்தப் படத்தில் அவள் முகமும் மற்றவர்களின் முகத்தைப் போலத்தான் இருக்கிறது.

ஜனவரியில் பள்ளி திறந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவளுடைய அம்மா வந்தார். பக்கத்து நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்ததால் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி, கிரகணம் பற்றி எளிய தமிழில் நான்கு வாக்கியங்களை மனத்துக்குள் தயார் செய்துகொண்டேன். அவர் உட்காரவில்லை. "நீங்க படிச்சவங்க சார், சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா ஆகாதுதான். ஆனா அவ சாப்பிடவே இல்லைன்னு எங்கிட்ட சொல்லிட்டா. பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கிட்ட பொய் சொல்ற புள்ள இல்லைங்க அவ" என்றார். நான் தயார் செய்திருந்த நான்கு வாக்கியங்களில் எதுவும் இதற்குப் பதிலாகப் பொருந்தவில்லை. "நான் பேசுறேன்மா" என்று மட்டும் சொன்னேன். என்ன பேசுவேன் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அவளிடம் நான் பேசவுமில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அவள், ஒருநாள் வகுப்பு கலைந்த பிறகு என் மேசையருகே வந்து நின்றாள். கிரகணத்தன்று ஊரில் கோயிலுக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார்களாம். கிரகண நேரத்தில் மட்டும் உலக்கை பிடிமானம் இல்லாமல் தானாக நிற்கும், கிரகணம் விட்டதும் சாய்ந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் பலர் நம்புவது. "சார், போகிக்கு முந்தின நாள் வீட்டுல நிறுத்திப் பார்த்தேன். அன்னைக்கும் நின்னுச்சு" என்றாள். பூண் தேய்ந்து தட்டையாக இருக்கும் உலக்கையைப் பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளிலும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. "அம்மாகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன். "அம்மாதான் சார் பிடிச்சுக் குடுத்தாங்க" என்றாள். அப்போது அதை ஒரு நல்ல வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, "சபாஷ்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சமூக அறிவியல் ஆசிரியை கேள்வி கேட்கும் வரை, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், அந்த உலக்கையை நான் மறந்தே போயிருந்தேன்.

எது அறிவியல்?

என்னுடைய தரப்பை முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கிரகண நேரத்தில் உண்பதால் தீங்கு வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. போன பிறவிப் பாவம் என்பதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்று சோதித்துப் பார்க்கக் கூடியது, மற்றொன்று சோதனைக்கு அகப்படாதது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்த 51அ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று சொல்கிறது. இதையெல்லாம் ஆசிரியை கேட்ட அன்று மாலையே ஒரு தாளில் எழுதி, மறுநாள் அவரிடம் காட்டவும் செய்தேன். அவர் படித்துவிட்டு, அறிவியல் மனப்பான்மை என்ற சொல்லை அடுத்து அதே வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் பாடம் அல்லவா, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மனிதநேயம் என்றும், ஆராய்ந்து அறியும் உணர்வு என்றும் இருக்கிறது.

யோசிக்க யோசிக்க என்னைக் குத்தியது மனிதநேயத்தைவிட அந்த ஆராய்ந்து அறியும் உணர்வுதான். அன்று மைதானத்தில் நான் செய்தது எந்த வகையான சோதனை? எழுபது பேர் ஒரு மிட்டாய் தின்றார்கள், மறுநாள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதிலிருந்து எதை முடிவு செய்வது? கிரகணத்தன்று சாப்பிட்ட மாமா ஒருவருக்கு மறுநாளே காய்ச்சல் வந்தது என்று ஒரு பாட்டி சொன்னால், அதை ஆதாரமாக ஏற்க மாட்டேன் என்று நான்தான் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்துகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லை, முன்கூட்டியே எழுதி வைத்த கணிப்பு இல்லை, பிள்ளைகள் எழுப்பிய கேள்வியும் இல்லை. இருந்ததெல்லாம் என் முடிவு, என் மிட்டாய், என் கேலி. சொன்ன செய்தி சரியானது என்பதால் சொன்ன முறையும் அறிவியலாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சாமியார் சொன்னால் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, சார் சொன்னால் சாப்பிடு என்று சொல்லியிருக்கிறேன். அதே ஊரில், அதே கிரகணத்தைச் சேர்ந்த உலக்கையை, யாரும் கேலி செய்யாத ஓர் இடத்தில், தன் அம்மாவின் உதவியோடு, கிரகணம் இல்லாத நாளில் நிறுத்திப் பார்த்தாளே அந்தப் பெண், அதுதான் அறிவியல். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சொல்வது மிகையான தன்னடக்கமாக இருக்கலாம். ஆனாலும் அந்தச் சோதனை மைதானத்தில் நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

நான் ஏழாம் வகுப்பு படித்த 1987இல் எங்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். கணக்கு வாத்தியார் நெற்றி நிறைய விபூதி பூசியவர். ஏழைப் பிள்ளைகளுக்குத் தம் வீட்டுத் திண்ணையில் இரவு எட்டு மணி வரை காசு வாங்காமல் கணக்குச் சொல்லித் தந்தவர். தேர்வு நாளன்று எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவர் கையிலும் விபூதி கொடுப்பார். எங்கள் வகுப்பில் கிறித்தவப் பையன் ஒருவனும் இஸ்லாமியப் பையன் ஒருவனும் இருந்தார்கள். அவர்களையும் அவர் விட்டதில்லை, பாரபட்சம் காட்டக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். கிறித்தவப் பையன் வாங்கி நெற்றியில் லேசாகத் தொட்டுக்கொள்வான். மற்றவன் கும்பிட்டு வாங்கி, வரிசையை விட்டு விலகியதும் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தட்டிவிடுவான். அவனுடைய நீலக் கால்சட்டைப் பையின் வாயில் வெள்ளைத் தடம் தெரியும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். வாத்தியாருக்குக் கடைசிவரை தெரியாது. அந்தப் பைக்குள் விழுந்த விபூதிக்கும், "சாப்பிடலைம்மா" என்று என் மாணவி தன் தாயிடம் சொன்ன பொய்க்கும் இடையே எந்த வேறுபாடும் எனக்கு இப்போது தெரியவில்லை. வாத்தியாரின் கடவுள் நம்பிக்கையும் என் கடவுள் மறுப்பும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தைத்தான் நடத்தியிருக்கின்றன, பெரியவர்கள் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இருப்பது எப்படி என்று.

இரண்டாமவர் தமிழையா. ஞாயிற்றுக்கிழமைகளில் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டங்களுக்குப் போவார், ஊருக்கே தெரியும். அவர்தான் எங்களுக்கு அப்பர் தேவாரம் நடத்தினார். "மாசில் வீணையும் மாலை மதியமும்" என்று அவர் ராகத்தோடு தொடங்கியபோது, துடுக்கான பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, நீங்க சாமி இல்லைன்னு சொல்றவராமே?" என்று கேட்டுவிட்டான். வகுப்பு உறைந்துபோனது. ஐயா கோபப்படவில்லை. "அது ஞாயிற்றுக்கிழமைச் சட்டைடா. இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. அடுத்த வரியைப் படி" என்றார். அவன் "வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்" என்று படித்தான். சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்ட ஒருவர் தென்றலையும் பொய்கையையும் பற்றிப் பாடியதாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டின் துணிவை, நம்பாத ஒருவர் எங்களுக்கு உணர்த்தியதுபோல் பின்னாளில் எந்தப் பக்தரும் எனக்கு உணர்த்தவில்லை.

இது எங்கள் ஐயாவின் தனிப் பெருமை மட்டும் இல்லை. திருவாவடுதுறைச் சைவ மடத்தில் பயின்ற உ.வே.சாமிநாதையர், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, அதன் சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு 1887இல் பதிப்பித்தார். சோழ மன்னன் சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்ததைக் கண்டு, அவன் மனத்தைத் திருப்பவே சேக்கிழார் பெரிய புராணம் பாடினார் என்று சொல்லும் மரபில் வந்தவர் அவர். தம் நெற்றியில் இருந்ததை அழிக்காமலேயே அடுத்தவர் நூலை அவர்கள் பொருளில் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு நம்மிடம் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன.

நன்னூலில் ஆசிரியர் இலக்கணம் சொல்லும் நூற்பா "குலன் அருள் தெய்வம் கொள்கை மேன்மை" என்று தொடங்குகிறது. பவணந்தியார் சமணர். அவர் ஆசிரியருக்குத் தெய்வக் கொள்கை இருக்க வேண்டும் என்று முதலடியிலேயே வைக்கிறார். (குலனை ஏன் வைத்தார் என்று அவரோடு எனக்குச் சண்டை உண்டு, அது வேறு கட்டுரை.) அதே நூற்பாவின் மூன்றாம் அடியில் நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு நிறைகோலையும் சேர்த்து, ஆசிரியர் அதுபோல் இருக்க வேண்டும் என்கிறார். தராசுக்கு என்ன இலக்கணம் என்பதைப் பின்னர் அவரே விரிக்கிறார்: "ஐயம் தீரப் பொருளை உணர்த்தலும் மெய்ந்நடு நிலையும்." கொள்கை இல்லாதவரை ஆசிரியராக அவர் கேட்கவில்லை. கொள்கை உள்ள ஒருவர் கையில் தராசைக் கொடுக்கிறார். மாணாக்கரில் கிளியை அவர் இடைத்தரத்தில் வைத்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது, சொன்னதைச் சொல்வதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அன்று மைதானத்தில் நான் எடுத்த படத்தில் எழுபது கிளிகள் இருக்கின்றன.

ஐயா விட்டுக்கொடுக்காத இடம்

ஞாயிற்றுக்கிழமைச் சட்டை என்ற பதில் எல்லாவற்றுக்கும் செல்லுமா என்றால், ஐயாவிடமே செல்லவில்லை. திங்கள்கிழமைதோறும் அவர் எங்கள் இருக்கைகளை மாற்றி அமைப்பார். காலனித் தெருப் பிள்ளைகள் கடைசிப் பெஞ்சில் சேர்ந்து உட்காருவது எங்களுக்கு யாரும் சொல்லாமலே வந்த பழக்கம். அதை அவர் வாரம்தோறும் கலைத்துப் போட்டார். தோட்டமும் துரவுமாக வசதியாக இருந்த ஒருவர் தம் மகனை இன்னார் அருகில் உட்கார வைத்ததற்காகக் கேட்க வந்தபோது, "பெஞ்சு சர்க்கார் பெஞ்சுங்க" என்று ஐயா சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. தேவாரம் என்றால் செவ்வாய்க்கிழமை என்று சொன்னவர் இங்கே கிழமை பார்க்கவில்லை. கடவுள் இருக்கிறாரா என்பதில் ஒரு பிள்ளை தன் வீட்டோடு நிற்கலாம், வகுப்பில் யாருக்கும் அதனால் இழப்பில்லை. பக்கத்தில் உட்காருபவனைத் தொடலாமா என்பதில் ஒரு வீட்டின் நம்பிக்கைக்கு இடம் கொடுத்தால், இன்னொரு வீட்டுப் பிள்ளை தரையில் உட்கார வேண்டியிருக்கும். நடுநிலை என்ற சொல்லை இங்கே கொண்டுவருகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

உண்மையில், தமிழ்நாட்டு வகுப்பறைகளில் ஆசிரியர்கள் அதிகமாகத் திணிக்கும் நம்பிக்கை எது என்று என்னைக் கேட்டால், கடவுளையோ கடவுள் மறுப்பையோ நான் சொல்ல மாட்டேன். சாதியைச் சொல்வேன். அதற்குச் சொற்பொழிவு தேவையில்லை என்பதால் அது செய்தியாவதில்லை. டீ வாங்கிவர யாரைக் கூப்பிடுகிறோம், கழிப்பறையைச் சுத்தம் செய்ய யாரைக் கைகாட்டுகிறோம், பேர் கேட்டதும் அப்பா பேரையும் தெருவையும் ஏன் கேட்கிறோம், "நம்ம பையன்" என்று யாரைச் சொல்கிறோம் என்பவற்றிலேயே பாடம் முடிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு நீதியரசர் சந்துருவின் தலைமையில் ஒருநபர்க் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கை வண்ணக் கயிறு, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் ஆகியவற்றோடு நிற்காமல், ஒரு பகுதியில் ஆதிக்கமாக உள்ள சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமை ஆசிரியராக அமர்த்த வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. எங்கள் சங்கக் கூட்டத்தில் இந்தப் பரிந்துரையைக் கேட்டுக் கொதித்தவர்கள் பலர், "எங்களை நம்பவில்லையா?" என்றார்கள். நம்பாததற்குக் காரணம் இருக்கிறது என்று நான் சொன்னேன். கூட்டத்தில் அன்று எனக்கு டீ வரவில்லை.

ஆகவே, ஆசிரியர் தம் நம்பிக்கைகளை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒட்டவில்லை. செருப்பைக் கழற்றலாம், மனத்தைக் கழற்ற முடியாது. எங்களுக்கு அதிகாரம் இருப்பதை மறைத்துக்கொள்வதும் முடியாது. செய்முறை மதிப்பெண் எங்கள் கையில் இருக்கிறது, அதைவிட முக்கியமாக, வகுப்பின் சிரிப்பு எங்கள் கையில் இருக்கிறது. யாரைப் பார்த்து எல்லாரும் சிரிக்க வேண்டும் என்பதை ஆசிரியர் ஒரு புருவத்தை உயர்த்தித் தீர்மானித்துவிடலாம்.

எழுந்து நின்ற பிள்ளைகள்

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்தேன். முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் மற்றப் பள்ளிகளில்கூட, பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சமய வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது நடைமுறையில் தெரிந்திருக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு எழுந்து போக, மற்றவர்கள் அதே வேளையில் நன்னெறி வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் சட்டத்தின் எழுத்தைவிட எனக்கு உதவியது ஒரு வழக்குதான். 1985இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த உடன்பிறந்த குழந்தைகள் மூவர், காலைக் கூட்டத்தில் நாட்டுப்பண் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். பல காலமாக அப்படித்தான் நின்றுவந்திருந்தார்கள், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கவனித்துக் கிளப்பும் வரை யாருக்கும் அது உறுத்தவில்லை. பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள் என்று விசாரணை சொல்லியும் நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி, நம் மரபு கற்பிப்பதும் நம் தத்துவம் போதிப்பதும் நம் அரசமைப்பு கடைப்பிடிப்பதும் சகிப்புத்தன்மைதான், அதில் தண்ணீர் கலந்துவிட வேண்டாம் என்று முடித்திருந்தார்.

இதைப் படித்துக்கொண்டிருந்த இரவு, கையை இடுப்போடு சேர்த்து நின்ற அந்த எட்டாம் வகுப்புப் பெண் என் கண்முன் வந்தாள். அவளும் விடுமுறை நாளில் வந்திருந்தாள். கண்ணாடி வழியே கிரகணத்தைப் பார்த்தாள், வெளியே வரக்கூடாது என்ற விதியை அப்போதே மீறியிருந்தாள். எவ்வளவு தூரம் தன்னால் நடக்க முடியுமோ அவ்வளவு தூரம் தானாகவே நடந்து வந்து, ஓரிடத்தில் நின்றாள். அவள் எனக்குக் காட்டிய மரியாதையும் தன் தாய்க்குக் காட்டிய மரியாதையும் அந்த உள்ளங்கையில் ஒன்றாக இருந்தன. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்திருந்தால் போதும்.

சமூக அறிவியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "அப்போ ஆயுத பூசைக்கு இனி முணுமுணுக்க மாட்டீங்க" என்றார். முணுமுணுப்பேன் என்றேன், பெரியவர்களிடம் முணுமுணுப்பதில் தவறில்லை, நீங்களும் பிள்ளைகளைப் பொட்டு வைத்துக்கொண்டு வரச் சொல்லக்கூடாது என்றேன். "யார்கிட்ட சொன்னேன்?" என்று சண்டை மீண்டும் தொடங்கியது.

2025 செப்டம்பர் 7 ஞாயிறு இரவு முழு சந்திர கிரகணம். அதற்கு முந்தைய வாரம் எட்டாம் வகுப்பில், சாப்பிடலாமா கூடாதா என்று பேச்சு வந்தது. நான் பதில் சொல்லவில்லை. தீங்கு வருமா வராதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், யார் யாரைக் கவனிப்பீர்கள், எதை எதோடு ஒப்பிடுவீர்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அன்றிரவு குளுக்கோஸ் ஏறுகிறவர்களைப் பார்க்கலாம் என்று ஒருத்தி எழுதினாள். தெரு நாய்களுக்கு பிஸ்கட் போட்டுவிட்டு, அடுத்த தெரு நாய்களுக்குப் போடாமல் விடலாம் என்று எழுதியவன் ஒப்பீடு என்றால் என்ன என்று என்னிடம் கேட்காமலே புரிந்துகொண்டிருந்தான். இது சாமி விஷயம், சோதிக்கக்கூடாது என்று ஒருவன் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தான். அதையும் மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்தேன். கடைசியாக ஒரு பையன் எழுந்து, "சார், நீங்க சாப்பிடுவீங்களா?" என்றான். சாப்பிடுவேன் என்றேன். ஏன் என்று கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன், அவன் கேட்காமல் உட்கார்ந்துவிட்டான்.

திங்கள்கிழமை காலை அவன் தன் நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். பதினொரு மணிக்கு நிலா செம்பு நிறமானது என்றும், நடுவில் மேகம் மறைத்தது என்றும் நேரம் குறித்து எழுதியிருந்தான். அதற்குக் கீழே பென்சிலில் மூன்று வரிகள்: "பாட்டி சாப்பிடவில்லை. சார் சாப்பிட்டிருப்பார். கோழி தூங்கிவிட்டது, அதனால் தெரியவில்லை."